சின்னக் கடை, பெரிய காகிதம்: வெளிநாட்டு 'ஸ்பான்சர்' வேலை பற்றிச் சில குறிப்புகள்

கே.கே. நகர் முனுசாமி சாலைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பத்து வருடமாகத் தோசைக்கல் முன்னால் நிற்கும் ஒரு மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் ஓட்டல் நடத்துகிறார். "கிளம்பி வா, நானே ஸ்பான்சர் பண்றேன்" என்று போனில் சொல்கிறார். மாஸ்டர் வீட்டில் உடனே வரும் கேள்விகள் இரண்டு. சம்பளம் எவ்வளவு? ஓனர் ஆள் எப்படி?

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா? நாளைக்கு அந்த அனுமதி போனால் மாஸ்டரின் நிலை என்ன?

கொஞ்ச நாளாக சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று நாட்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய ஐ.டி. கம்பெனி வழியாகப் போகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இது பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சின்னக் கடை ஒரு ஆளைக் கூப்பிடும் கதை.

ஸ்பான்சர் யாருக்கு வாக்குக் கொடுக்கிறார்?

'ஸ்பான்சர்' என்ற சொல் நம்ம ஊரில் கொஞ்சம் தப்பாகப் புழங்குகிறது. கிரிக்கெட் மேட்சுக்கு ஸ்பான்சர், கோயில் அன்னதானத்துக்கு ஸ்பான்சர் என்று கேட்டுக் கேட்டு, 'நமக்காகச் செலவு செய்கிறவர்' என்ற அர்த்தம் மனதில் உட்கார்ந்துவிட்டது. வேலை விசாவில் அர்த்தம் வேறு.

முதலாளி அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதிதான் ஸ்பான்சர்ஷிப். "இந்த வேலைக்கு நிஜமாகவே ஆள் தேவை, இவ்வளவு சம்பளம் கொடுப்பேன், ஆள் காணாமல் போனால் தகவல் சொல்வேன், கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டுவேன்" என்று அவர் கையெழுத்துப் போடுகிறார். ஒப்பந்தத்தின் இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் அரசாங்கம். தொழிலாளி அதில் கையெழுத்துப் போடும் மூன்றாவது ஆள் இல்லை. அவரைப் பற்றித்தான் ஒப்பந்தமே, ஆனால் ஒப்பந்தம் அவருடையது இல்லை.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முதலாளி வாக்கு தவறினால் அரசாங்கம் நடவடிக்கை எடுப்பது முதலாளி மேல். ஆனால் அனுமதி பறிபோகும்போது ஊர் திரும்ப வேண்டியவர் தொழிலாளி.

சிங்கப்பூர்: பதிமூன்றாவது ஆள்

நம்ம மாஸ்டரின் கதையிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை மாதிரி வேலைகளுக்கு இந்தியாவிலிருந்து ஒர்க் பர்மிட்டில் ஆள் எடுக்கலாம். ஓட்டல் மாதிரியான சேவைத் துறைக்கு அது ரொம்ப காலம் கிடையாது. இந்தியச் சமையல்காரர் வேண்டுமென்றால் அதற்கு மேல் படியில் உள்ள எஸ் பாஸ் எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2022 செப்டம்பரில் 3,000 சிங்கப்பூர் டாலர், 2023 செப்டம்பரில் 3,150, 2025 செப்டம்பரில் 3,300 என்று ஏறிக்கொண்டே வந்தது. இட்லி, தோசை, பரோட்டா விற்கும் கடைக்கு இது பெரிய தொகை.

2023 செப்டம்பர் 1 முதல் ஒரு புதிய வாசல் திறந்தது. குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா, இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து ஒர்க் பர்மிட்டில் ஆள் எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் 'இந்திய உணவகச் சமையல்காரர்' என்ற வேலையும் இருந்தது. 2025 செப்டம்பர் முதல் அது பொதுவாகச் 'சமையல்காரர்' என்றே விரிந்தது. குறைந்தபட்ச நிலையான மாதச் சம்பளம் 2,000 டாலர்.

லிட்டில் இந்தியா ஓட்டல்காரர்களுக்கு நல்ல சேதிதான். ஆனால் கூடவே ஒரு கணக்கும் வந்தது. இந்தப் பட்டியல் வழியாக வரும் ஆட்கள் கடையின் மொத்தப் பணியாளர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

8 சதவீதம் என்பதைச் சின்னக் கடையில் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் இருந்தால் 0.8 ஆள். பன்னிரண்டு பேர் இருந்தால் 0.96 ஆள். பதிமூன்று பேர் ஆகும்போதுதான் கணக்கு ஒன்றைத் தாண்டுகிறது. அதாவது ஒரே ஒரு தோசை மாஸ்டரை இந்த வழியில் கூப்பிட, கடையில் குறைந்தது பதிமூன்று பேர் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கிலும் உள்ளூர்க்காரர் ஒருவரை முழு ஆளாக எண்ண வேண்டுமானால் அவருக்குக் குறைந்தபட்சம் 1,600 டாலர் சம்பளம் தர வேண்டும் என்று 2024 ஜூலையில் விதி ஆனது. அதற்கு முன் 1,400.

இப்போது அந்த ஓட்டல் முதலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். உள்ளூர் ஆள் அடுப்படி வேலைக்கு வருவதில்லை. ஊரிலிருந்து கூப்பிட, முதலில் உள்ளூர் ஆள் வேண்டும். இந்த நெருக்கடியில் சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். வேலையே செய்யாத உறவினர், நண்பர் பெயரில் வருங்கால வைப்பு நிதி கட்டி, பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது. சிங்கப்பூர்க்காரர்கள் இதற்குப் 'பேய் ஊழியர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இது குற்றம். பிடிபட்டால் முதலாளி மேல் வழக்கு. அந்தப் பொய்க் கணக்கின் மேல் வாங்கிய பர்மிட்டில் வந்த ஆள்? அவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. ஆனால் பர்மிட் போய்விடும்.

குற்றமே நடக்காவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. இரண்டு உள்ளூர் ஊழியர்கள் வேலையை விட்டால் கடையின் கோட்டா சுருங்கும். கோட்டா சுருங்கினால் பர்மிட்டைப் புதுப்பிப்பதில் சிக்கல். முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்ட வேண்டிய லெவியைக் கட்டாமல் விட்டால், இருக்கும் பர்மிட்டும் ரத்தாகும். மாஸ்டர் நேரத்துக்கு வந்து ஒழுங்காக மாவு ஊற்றிக்கொண்டுதான் இருப்பார். அவர் கையில் இல்லாத ஒரு கணக்கு அவரை வீட்டுக்கு அனுப்பும்.

பிரிட்டன்: நாலு பேர் கம்பெனி, 1,234 சான்றிதழ்

பிரிட்டனில் முறை வேறு. அங்கே முதலில் கடைக்கே ஒரு லைசென்ஸ் வேண்டும். 2008-இல் தொடங்கிய முறை இது. லைசென்ஸ் உள்ள முதலாளி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு 'ஸ்பான்சர் சான்றிதழ்' எண்ணை ஒதுக்குவார். அதை வைத்துத்தான் தொழிலாளி விசா கேட்க முடியும்.

சின்ன நிறுவனத்துக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. 2025 டிசம்பர் நிலவரப்படி பார்த்தால் லைசென்ஸ் 574 பவுண்டு, ஒரு ஆளுக்குச் சான்றிதழ் 525 பவுண்டு, வருடத்துக்கு 480 பவுண்டு 'திறன் கட்டணம்'. ஐந்து வருட விசா என்றால் திறன் கட்டணம் மட்டும் 2,400 பவுண்டு. ஆக முதல் ஆளைக் கூப்பிட அரசுக்கு மட்டும் 3,499 பவுண்டு. வக்கீல் செலவு தனி. பெரிய நிறுவனத்துக்கு இதே கணக்கு 8,704 பவுண்டு.

இந்தப் பணம் முழுவதும் முதலாளியின் பொறுப்பு. திறன் கட்டணத்தை எப்போதுமே தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. லைசென்ஸ், சான்றிதழ் செலவுகளையும் கட்டக் கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதி வந்தது. ஆகவே "சான்றிதழுக்கு இவ்வளவு லட்சம் கொடு" என்று யாராவது கேட்டால், அந்த நொடியே அது சரியில்லாத சங்கதி என்று புரிந்துகொள்ளலாம்.

சான்றிதழே ஒரு சரக்கு மாதிரி விலைக்குப் போன கதை பராமரிப்புத் துறையில் நடந்தது. முதியோர் இல்லங்களில் ஆள் பற்றாக்குறை என்று 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வாசல் திறந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஏராளமானவர்கள் போனார்கள். அங்கே இத்தொழில் நடத்துபவர்களில் சின்ன நிறுவனங்கள் நிறைய. குடியேற்றத் துறையைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் டேவிட் நீலின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. இல்லாத ஒரு முதியோர் இல்லத்துக்கு 275 சான்றிதழ்கள் ஒதுக்கப்பட்டிருந்தன என்று அதில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும்போது தன்னிடம் நாலு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்று சொன்ன இன்னொரு கம்பெனிக்கு 1,234 சான்றிதழ்கள்!

நாலு பேர் கம்பெனிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அரசு விழித்துக்கொண்டு லைசென்ஸ்களைப் பறிக்க ஆரம்பித்தது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் நடுவில் பராமரிப்புத் துறையில் 470-க்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் பறிக்கப்பட்டன. அந்த நிறுவனங்களோடு சம்பந்தப்பட்டிருந்த தொழிலாளர்கள் சுமார் 39,000 பேர். இவர்களில் பலர் ஊரில் நகையை விற்று, வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள். போய் இறங்கினால் வேலை இல்லை, அல்லது வாரத்துக்குச் சில மணி நேர வேலைதான்.

முதலாளியின் லைசென்ஸ் போனால் தொழிலாளிக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் லைசென்ஸ் உள்ள வேறு முதலாளியைப் பிடித்து, புதுச் சான்றிதழ் வாங்கி, மறுபடி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

ஓட்டல் மாஸ்டர்களுக்கு வருவோம். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் தன் திறன் பணியாளர் விசாவைப் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு உயர்த்திவிட்டது. பொதுவான சம்பள வரம்பும் வருடத்துக்கு 41,700 பவுண்டு ஆனது. 2024 ஏப்ரலுக்கு முன் அது 26,200 தான். சமையல்காரர் வேலை இந்த மாற்றத்தில் வெளியே போயிற்று. முதியோர் பராமரிப்புக்கு வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதும் அதே நாளில் நின்றது. ஆக, இன்றைக்கு ஒருவர் வந்து "லண்டன் ஓட்டலில் செஃப் வேலை, ஸ்பான்சர் ரெடி" என்றால், ஊரிலிருந்து புதிதாகப் போகிறவருக்கு அந்த வாசல் சாத்தியிருக்கிறது என்பதை முதலில் நினைவில் வையுங்கள்.

ஆஸ்திரேலியா: அவகாசம் கூடினால் என்ன ஆகும்

ஆஸ்திரேலியாவில் 1996-இல் 457 என்ற விசா வந்தது. 2018 மார்ச்சில் அது 482 ஆனது. 2024 டிசம்பர் 7 முதல் அதே எண்ணில் புதிய வடிவம். மூன்றிலும் முதலாளிதான் அச்சாணி.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, விசாவுக்காகப் பணம் கைமாறுவதை 2015 டிசம்பரிலேயே சட்டவிரோதம் ஆக்கிவிட்டார்கள். கேட்கும் முதலாளி மட்டுமில்லை, கொடுக்கும் தொழிலாளியும் மாட்டுவார், விசா ரத்தாகலாம். "எல்லாரும் குடுக்குறாங்க, நாமும் குடுத்துடலாம்" என்பது அங்கே தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது.

இரண்டாவது, 2024 ஜூலை 1-இல் வந்த மாற்றம். அதற்கு முன் ஸ்பான்சரிடமிருந்து விலகியவருக்கு 60 நாள் அவகாசம். இப்போது ஒரே சமயத்தில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள் வரை. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை செய்யவும் அனுமதி உண்டு.

நாள் கணக்குதானே, இதில் என்ன பெரிசு என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். சம்பளத்தைப் பிடித்து வைக்கும் முதலாளியைப் பற்றி ஒருவர் புகார் கொடுக்க நினைக்கிறார். 60 நாளில் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும், ஊரில் கடன் காத்திருக்கிறது. அவர் வாயைத் திறக்க மாட்டார். ஆறு மாதம் இருந்தால், நடுவில் சம்பாதிக்கவும் முடிந்தால், திறப்பார். ஒரு நாட்டுச் சட்டத்தில் தொழிலாளி உரிமை பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்பதைவிட, முதலாளியை விட்டு விலகியபின் எத்தனை நாள் அங்கே நிற்கலாம் என்பதுதான் அந்த உரிமைகளின் நிஜ அளவு என்பது என் அபிப்பிராயம்.

சின்னக் கடையில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

சின்ன முதலாளி எல்லாம் மோசம், பெரிய கம்பெனி எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய இடங்களில் நேர்மாறாகவே இருக்கும். சின்னக் கடையில் முதலாளி பக்கத்திலேயே நின்று வேலை செய்வார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். சிக்கல் குணத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

முதலில், காகித வேலை. பிரிட்டனில் ஸ்பான்சர் செய்த ஆள் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல் வரவில்லை என்றால் முதலாளி அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். வேலை, சம்பளம், இடம் மாறினாலும் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனியில் இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். சின்னக் கடையில் கல்லாவில் உட்காருபவர்தான் இதையும் பார்க்க வேண்டும். மறந்தால், லைசென்ஸ் ஆட்டம் காணும்.

அடுத்து, பயம். சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஒர்க் பர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 டாலர் பிணைத் தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆள் ஓடிவிட்டால் அந்தப் பணம் பறிபோகலாம். பிரிட்டனில் வேலை செய்ய அனுமதி இல்லாத ஆளை வைத்திருந்தால், 2024 பிப்ரவரி முதல், ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவு. சின்னக் கடைக்குக் கடையே மூடிவிடும். இந்தப் பயத்தில்தான் நல்ல முதலாளிகூடப் "பாஸ்போர்ட்டை என்கிட்ட குடு, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று ஆரம்பிக்கிறார். பத்திரமாக என்று தொடங்குவது பிடியாக மாற ரொம்ப நாள் ஆகாது.

கடைசியாக, எல்லாமே ஒரே ஆள். வேலை கொடுப்பவர், தங்க இடம் கொடுப்பவர், விசாவைத் தாங்கிப் பிடிப்பவர், பல சமயம் ஊர்க்காரர், சொந்தக்காரரும்கூட. பெரிய நிறுவனத்தில் மேனேஜரோடு சண்டை என்றால் வேறு பிரிவுக்கு மாறலாம். இங்கே அண்ணனோடு சண்டை என்றால் வேலை, ரூம், விசா மூன்றும் ஒரே நாளில் போகும். ஊரில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையும் போகும். புகார் என்ற வார்த்தையே வாயில் வராது.

'துண்டு' என்று ஒன்று இருந்தது

ஊர்க்காரர் வழியாக வேலைக்குப் போவது தமிழர்களுக்குப் புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததே கங்காணிகள்தான். தன் ஊர், தன் உறவு என்று கூட்டிப் போவார்கள். வழிச்செலவுக்குக் கொடுத்த பணம் கடனாக ஏறும்.

அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தமிழ்ச் சொல்தான், ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் கூடிக்கொண்டே போனது, ஆள் மாறுவது காகிதம் வைத்திருப்பவர் கையில் இருந்தது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்றைய ஸ்பான்சர் சான்றிதழும் துண்டும் ஒன்றே என்று சொன்னால் அது மிகை. இன்று சம்பள வரம்பு இருக்கிறது, தொழிலாளர் அமைச்சகம் இருக்கிறது, விரும்பினால் விமானம் ஏறித் திரும்பலாம். ஆனால் இரண்டு விஷயம் சேர்ந்தால் பழைய வாசனை வந்துவிடும்: போகும் முன்பே ஏறிய கடன், வேறு இடத்துக்கு மாற முதலாளி கையில் உள்ள காகிதம். இரண்டாவதை நாம் மாற்ற முடியாது, அது அந்த நாட்டுச் சட்டம். முதலாவது நம் கையில் இருக்கிறது.

இந்தியப் பக்கம் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. அதன்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் மத்திய வெளியுறவுத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். லட்சக் கணக்கில் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நின்றுதான் கேட்கிறார். பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் 'இமைக்ரேட்' இணையதளத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

குடியேறுவோர் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரியும் இருக்கிறார். அவருடைய சென்னை அலுவலகம் பல காலம் நம்ம கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே, அசோக் நகர் வீட்டு வசதி வாரிய வணிக வளாகத்தில்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்கும்போது வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு ஓட்டை. அந்த 18 நாட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியாவும் இல்லை. ஆக, நம்ம மாஸ்டர் கோலாலம்பூர் போனால் அவர் ஒப்பந்தத்தை ஒரு இந்திய அதிகாரி ஒருமுறை புரட்டிப் பார்க்க வாய்ப்புண்டு. சிங்கப்பூர் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த வேலையை அவரே செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அரசே ஆள் சேர்க்கும் இடம். சின்ன ஓட்டல்காரர் அந்த வழியாக ஆள் தேடுவது அபூர்வம்தான், ஆனாலும் ஒரு ஏஜென்ட் சொல்வது சரியா என்று விசாரிக்க நல்ல இடம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

போனில் "வந்துடு" என்று சொன்ன அண்ணனிடம் இதையெல்லாம் கேட்பது சங்கடம்தான். ஆனால் நல்ல முதலாளிக்கு இந்தக் கேள்விகள் கஷ்டம் தராது, அவர் ஏற்கெனவே அவருடைய அரசாங்கத்துக்கு இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பார்.

1. கடைக்கு அனுமதி இருக்கிறதா? பிரிட்டன் என்றால் லைசென்ஸ் பெற்ற முதலாளிகள் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. கடையின் பதிவுப் பெயரைக் கேட்டு வாங்கி அதில் தேடுங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கும். சிங்கப்பூர் என்றால், கடையில் மொத்தம் எத்தனை பேர், அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஏழு பேர் கடைக்கு இந்தச் சமையல்காரர் பர்மிட்டில் ஆள் எடுக்கிறேன் என்றால் கணக்கு உதைக்கிறது.

2. எந்த விசா, எந்த வேலைப் பெயர்? சிங்கப்பூரில் கிளம்பும் முன்பே ஐ.பி.ஏ. என்கிற முன் ஒப்புதல் கடிதம் வரும். ஒர்க் பர்மிட்டுக்கு அது தொழிலாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நம்பி நிற்காதீர்கள். 'எஸ்ஜி ஒர்க் பாஸ்' செயலியில் பர்மிட்டின் நிலவரத்தைப் பார்க்கலாம்.

3. யார் எதைக் கட்டுகிறார்கள்? சிங்கப்பூரில் வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்கினால் 30,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அங்குள்ள ஏஜென்ட், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். "சம்பளம் பேங்கில் முழுசா வரும், பாதியைக் கையில் திருப்பிக் குடுத்துடு" என்பதும் இதே குற்றம்தான்.

4. கடை மூடினால்? அந்த நாட்டில் எத்தனை நாள் நிற்கலாம், வேறு முதலாளிக்கு மாற முடியுமா, திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பார்கள்? சிங்கப்பூர் ஒர்க் பர்மிட்டில் ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. சம்பளப் பாக்கி இருந்தால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் அங்கேயே புகார் கொடுக்க வேண்டும். ஊருக்கு வந்து யோசிக்கலாம் என்று விட்டால் காலம் கடந்துவிடும்.

5. போகும் முன் எவ்வளவு கடன்? இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதல் ஆறு மாதத்தில் வேலை போய்த் திரும்பி வந்தாலும் அடைக்கக்கூடிய கடனா என்று பாருங்கள். அடைக்க முடியாது என்றால், அங்கே என்ன நடந்தாலும் பொறுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கும்.

6. காகிதங்களின் நகல். பாஸ்போர்ட், ஐ.பி.ஏ. அல்லது சான்றிதழ் எண், ஒப்பந்தம், கொடுத்த பணத்துக்கு ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும்.

கட்டணமும் சம்பள வரம்பும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாறுகின்றன. ஆகவே மேலே சொன்ன எண்களை அப்படியே நம்பிக் கிளம்பாமல், அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் தெரிந்தவர்கள் யாராவது இப்படிப் போவதாக இருந்தால் அந்த ஆறு கேள்விகளை மட்டுமாவது அனுப்பி வையுங்கள். கேட்டால் ஓனர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குவார்கள். கேட்டுவிட்டு வேலை கைவிட்டுப் போனால், அது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே போன வேலை. நஷ்டம் குறைவு.